கிரேன்காரரின் இடது காது

"சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க. கேக்கலைன்னா தூக்க வேண்டாம். அவ்வளவுதான்."

"கேக்கலைன்னா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணுமே செய்யலைன்னா எனக்குக் கேக்கலைங்கறது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

இந்தப் பேச்சு என்றைக்கோ ஒரு நாள் நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். தினமும் நடந்தால்? இருபது வருஷமாக நடந்தால்? பீப் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று மருத்துவமனையில் எல்லோரும் குறை சொல்வார்கள். அவள் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு வருகைப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது. மெஷினில் பொத்தானை அழுத்தினால் 'பீப்' என்று சத்தம் போகும், அதனால் பீப் அக்கா. வாசல் காவலாளிக்கும் அவள் பீப் அக்கா, காது மூக்கு தொண்டை டாக்டருக்கும் பீப் அக்கா. ஓய்வு பெறப்போகிற கணக்காளர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் வயதுக்கு இவள் அக்காவாம், இதை எங்கே போய்ச் சொல்வது?

அவள் வேலை காது சோதிப்பது. மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் அவளுக்கு ஓர் அறை. அதற்குள் இன்னொரு சின்ன அறை. உள் அறைக்குக் கனமான கதவு, சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சு அட்டை, ஒரு கண்ணாடி ஜன்னல். வருகிறவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உள்ளே உட்காருவார். அவள் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து, தடித்த சத்தம், மெல்லிய சத்தம், கீச்சுச் சத்தம் என்று ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று தாளில் கோடு போடுவாள். வெளியே 'சத்தம் புகாத அறை' என்று பலகை மாட்டியிருக்கிறது. அந்தச் சுவருக்கு நேர் பின்னால் மருத்துவமனைக்காரர்கள் தண்ணீர் மோட்டாரை வைத்திருக்கிறார்கள். மோட்டார் ஓடும்போது உள்ளே இருப்பவர் பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார். இதற்காக அவள் சண்டை போடாத ஆளில்லை. மோட்டாரை நகர்த்தினால் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாதாம். சரி, அவர்களுக்குத் தண்ணீர் முக்கியம். காது யாருக்கு வேண்டும்?

மேசையில் ஒரு பிளாஸ்டிக் காது உண்டு. தலையணை அளவு பெரியது, பாகம் பாகமாகக் கழற்றலாம். கழற்றலாம் என்பதுதான் வினை. வருகிற குழந்தைகள் கழற்றும், பெரியவர்கள் அதைவிட மோசம். நத்தை போலச் சுருண்ட ஒரு பாகம் அடிக்கடி காணாமல் போய், மேசைக்கு அடியிலோ யாருடைய சட்டைப் பையிலோ கிடைக்கும். அந்தக் காதைக் கையில் தூக்கிக்கொண்டு அவள் எடுக்கும் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"காதுன்னா வெளியில தெரியறது மட்டும் இல்லங்க. உள்ளே, எலும்புக்குள்ள, ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். இந்த நத்தை இருக்கே, இது கேக்கறதுக்கு. பக்கத்துல மூணு வளையம் இருக்கு பாருங்க, தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்குச் சொல்றது இதுங்கதான். நாம விழாம நிக்கறது, நடக்கறது எல்லாம் இதுங்க புண்ணியத்துல. ரெண்டு குடித்தனத்துக்கும் ஒரே தண்ணி. ஒரு வீட்டுல தகராறுன்னா அடுத்த வீட்டையும் எட்டிப் பார்த்துடணும்."

இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தலைசுற்றலோடு வந்தவர் என்ன சொல்வார் தெரியுமா? "எனக்குச் சுத்தறது தலைதானே, நீங்க எதுக்குக் காதை நோண்டறீங்க?" என்பார். பீப் அக்கா பிளாஸ்டிக் காதை மேசைமேல் தொப்பென்று வைப்பாள். நத்தை மறுபடியும் கழன்று விழும்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கத்தான் நினைத்தாள், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவாள். சித்தப்பாதான் விசாரித்துக்கொண்டு வந்து, "காதுல ரத்தம் வராதும்மா, தைரியமா சேரு" என்று இந்தப் படிப்பில் தள்ளிவிட்டார். ரத்தம் வராது, வாஸ்தவம்தான். உயிரை வாங்குவார்கள் என்று சித்தப்பா சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டுமானக் கம்பெனி தன் ஆட்களைச் சோதனைக்கு அனுப்பியது. டவர் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் கண்ணும் காதும் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். வந்தவர்களில் ஒருவர் மட்டும் சொன்னதை ஒரே தடவையில் புரிந்துகொண்டார். கேட்டபோது கையைத் தூக்கினார், கேட்காதபோது சும்மா இருந்தார், எதிர்க்கேள்வி ஒன்றும் போடவில்லை. அவளுக்கு அதுவே பெரிய அதிசயமாக இருந்தது. இப்படி ஓர் ஆள் இனிமேல் எங்கே கிடைக்கப்போகிறார் என்று அவரையே கல்யாணம் செய்துகொண்டாள்.

கிரேன்காரருக்கு மண்ணில் கால் பாவாது என்றுதான் சொல்ல வேண்டும். இருபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு கைப்பிடி. கீழே நிற்கிற ஆள் வாக்கி டாக்கியில் "மெல்ல... மெல்ல... நிறுத்து" என்று சொல்லச் சொல்ல, ஒரு டன் கம்பிக் கட்டைப் பூப்போல இறக்கி வைப்பார். வேலையில்லாத நாளில் வீட்டில் உட்காரவைத்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொண்டு, தூரத்தில் தெரிகிற வேறு யாரோ ஒருவருடைய கிரேனைப் பார்த்து, "என்னத்த ஓட்டறான் இவன், ஆட்டறான்" என்று திட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொரு குணமும் அவரிடம் உண்டு. மற்ற வீடுகளில் பெண்டாட்டி பேசினால் புருஷன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவான். இவர் அப்படியில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் பீப் அக்கா அன்றைக்கு வந்தவர்களின் கதையை ஆரம்பிப்பாள். யாருக்கு என்ன நோய், அது எப்படித் தெரிந்தது, எந்தக் கேள்வியில் மாட்டினார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்பார், நடுநடுவே சந்தேகமும் கேட்பார். அவளுக்கு அதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துணி எடுக்கப் படுக்கையறைக்குப் போனால், கிரேன்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை மட்டும் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டுக் கிடந்தார். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, என்னாச்சுங்க?"

"ஒண்ணும் ஆகல. கல்லை ஏத்தறேன்."

"என்ன கல்லு?"

"காதுக் கல்லும்மா. லேசா சுத்துது. நீதானே சொல்லுவே, வளையத்துக்குப் பக்கத்துல சின்னப் பை இருக்கு, அதுல பொடிப்பொடியா கல்லு ஒட்டிட்டு இருக்கும், அது உதிர்ந்து வளையத்துக்குள்ள போயிட்டா சுத்தும்னு. தலையைத் தொங்கப்போட்டு, திருப்பி, உருண்டு எழுந்தா திரும்பப் பையிலயே போய் விழுந்துடும்னு."

"சொல்லுவேன்தான். டாக்டர் பக்கத்துல இருந்து செய்ய வைக்கணும்னும் சொல்லுவேனே, அது மட்டும் காதுல ஏறலையா? கழுத்து சுளுக்கிக்கிட்டா யார் பார்க்கறது?"

திட்டினாலும் அவள் கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள். எவ்வளவு நேரம் சுற்றுகிறது? ஒரு நிமிஷம்கூட இருக்காதாம். எப்போது வருகிறது? படுக்கையில் புரளும்போதாம். காதில் இரைச்சல்? இல்லவே இல்லை. அடைத்தது போல? ம்ஹூம். கேட்பது குறைந்திருக்கிறதா? "என் காது எப்படின்னு உனக்கே தெரியாதா?" என்று சிரித்தார். ஒவ்வொரு பதிலும் கல் உதிர்ந்த நோய்க்கு அச்சு அசலாகப் பொருந்தியது. இருபது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்ன நோயாளியை அவள் பார்த்ததே இல்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நம் வீட்டுக்காரர் என்றால் நமக்குப் புத்தி மழுங்கித்தான் போகிறது.

அந்த வாரமே கம்பெனிக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல அவர் மருத்துவமனைக்கு வந்தார். வழக்கம்போல அவளே சோதித்தாள். வேறு யார் இருக்கிறார்கள், அந்த மருத்துவமனைக்கு இருப்பதே இவள் ஒருத்தி. வலது காது சுத்தம். இடது காதும் சுத்தம். மெல்லிய சத்தத்துக்குக்கூடக் கை டக்கென்று மேலே போனது. கோடு நூல் பிடித்தது போல நேராக வந்தது. கோடு நேராக இருந்தால் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தவள் ஏதோ தட்டுப்பட்டுக் கீழே பார்த்தாள். ஹெட்ஃபோனிலிருந்து இரண்டு ஒயர் வரும். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம். இரண்டும் மெஷினுக்குப் பின்னால் செருகியிருக்கும். நீல ஒயரின் முனை மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் மேசை துடைத்த ஆயா இழுத்துவிட்டிருக்கிறாள்.

இடது காதுக்கு ஒரு சத்தமும் போகவே இல்லை. ஒன்றுகூட. அத்தனைக்கும் அவர் கையைத் தூக்கியிருக்கிறார்!

எப்படி என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உள்ளே உட்காருகிறவரைப் பக்கவாட்டில் பார்க்கும்படி உட்கார வைக்க வேண்டும். இது அந்த வேலையின் முதல் பாடம். நேராக உட்கார்ந்தால், பொத்தானை அழுத்தும்போது தோள் அசைவது கண்ணாடி வழியே தெரியும். காது செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்துவிடும். வருகிற அத்தனை பேரையும் அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத்தான் உட்கார வைப்பாள், பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் அதையேதான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பாள். புருஷனை மட்டும் எதிரே முகம் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை தன் இடத்துக்கு வருகிற மனுஷன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிப்பார், இவளும் சிரிப்பாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் தீயை வைக்க!

அவள் உள் அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். அந்த அறை கட்டியதிலிருந்து அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. அவள் போட்ட சத்தம் ஒரு ஈ காக்காய்க்குக்கூட வெளியே கேட்கவில்லை.

"எத்தனை நாளா காதுல பூ சுத்திட்டு இருக்கீங்க எனக்கு?"

கிரேன்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவள் கண்ணாடி வழியே கை காட்டிய இடத்தில், மேசை ஓரமாகத் தொங்கிய நீல ஒயரைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"இடது பக்கம் கொஞ்சம் மந்தம்தான். மூணு வருஷமா."

"மூணு வருஷமா? சுத்தறது?"

"அதுவும்தான்."

"ஒரு நிமிஷம்தான் இருக்கும்னீங்க?"

"சில சமயம் அரை நாள் இருக்கும். வாந்தி வரும். சைட்டுல சாமான் ரூம்ல படுத்துக்குவேன். உன்கிட்ட ஓவர்டைம்னு சொல்லிடுவேன்."

"அப்ப அது கல்லே இல்லங்க! அது..."

"தண்ணி கூடற நோய். தெரியும்."

"தெரியுமா?"

"நீதானே சொல்லியிருக்கே. நத்தைக்குள்ளயும் வளையத்துக்குள்ளயும் இருக்கற தண்ணி வடியாம தேங்கிப்போகும். முதல்ல காது அடைக்கும், அப்புறம் 'உய்'னு இரையும், அப்புறம் உலகமே சுத்தும். ஒவ்வொரு தடவை வந்துட்டுப் போகும்போதும் கேக்கறதைக் கொஞ்சம் தின்னுட்டுப் போகும். தடித்த சத்தம்தான் முதல்ல போகும். எல்லாம் தெரியும். அதான், சுத்தறது உனக்குத் தெரிஞ்சுபோனாலும் கல்லுன்னே நினைக்கட்டும்னு அன்னிக்குத் தலையைத் தொங்கப்போட்டேன். கல்லுன்னா நீ பயப்பட மாட்டே."

பீப் அக்காவுக்குத் தலையைக் கொண்டுபோய் அந்தப் பஞ்சு அட்டைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நூறு தடவை சொன்னாலும் ஏறாத பாடம், ஏறக்கூடாத ஓர் ஆளுக்கு மனப்பாடமாகியிருக்கிறது. இரவு இரவாகச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்திருக்கிறாள். என்ன கேட்பாள், எதற்கு என்ன பதில் சொன்னால் விட்டுவிடுவாள் என்று எல்லாமே அவருக்கு அத்துப்படி.

"நாற்காலியைத் திருப்புங்க. மறுபடியும் பார்க்கறேன்" என்றாள்.

அவர் எழுந்துவிட்டார். "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடு. நாங்க கட்டற கட்டடம் முடிஞ்சுடும். அதோட நானே இறங்கிடறேன். கிரேன்ல இருந்து இறக்கிட்டா என்னை என்ன பண்ணுவாங்க தெரியுமா? கேட்டுல ஸ்டூல் போட்டு உக்கார வைப்பாங்க. வர்ற வண்டிக்கெல்லாம் எழுந்து சல்யூட் அடிக்கணும்."

"மேல இருக்கும்போது சுத்தினா?"

"மேல வந்ததே இல்லம்மா. வர்றதுக்கு முன்னாடியே காது அடைச்சு நோட்டீஸ் கொடுத்துடும். இறங்கிடுவேன்."

அவள் மேலும் ஏதோ சொல்வதற்குள் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு போயே போய்விட்டார். அவள் தாளை மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். டாக்டரிடம் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அன்று மாலை கல்லூரியிலிருந்து வந்த மகளிடம் கொட்டித் தீர்த்தாள். மகள் காலணியைக் கழற்றிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள், பிறகு சொன்னாள்.

"அப்பாவுக்கு இடது பக்கம் கேக்காதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"உனக்குத் தெரியுமா?"

"நான் எப்பவும் அப்பாவுக்கு வலது பக்கம்தானே உக்காருவேன். வண்டியில பின்னாடி உக்காந்தாகூட வலது தோள் பக்கமா எட்டித்தான் பேசுவேன். நீ காது சோதிக்கறவ. உனக்குத் தெரியும், பேச வேண்டாம்னு வச்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே புரியவில்லை. புருஷனையா, மகளையா, தன்னையா? மூன்று வருஷமாக அவர் படுக்கையில் இடம் மாறிப் படுக்கிறார், சாப்பாட்டு மேசையில் நாற்காலி மாறி உட்காருகிறார், போனை வலது காதிலேயே வைக்கிறார். எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவர் இதில் பாதி செய்திருந்தால் அறைக்குள் நுழையும்போதே கண்டுபிடித்திருப்பாள். தினம் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருந்த மனுஷனிடம் கோட்டைவிட்டிருக்கிறாள். அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அடுத்து வந்த நாள்களில் அவள் படாத பாடுபட்டாள். கையில் அந்தத் தாளை எடுப்பாள், வைப்பாள். கிரேன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாத்திரம் கழுவிக் கொடுத்தார், துணி மடித்தார், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார். இருபது வருஷத்தில் செய்யாத வேலையெல்லாம் செய்தார். போதாக்குறைக்கு மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். தூரத்துக் கிரேனைத் திட்டும் சத்தம் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவளே வாயைத் திறந்தாள். "சரி. ஒரே ஒரு வருஷம். காது லேசா அடைச்சாக்கூட இறங்கிடணும். மாத்திரை தினமும் சாப்பிடணும், உப்பைக் குறைக்கணும். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட தாளைக் கொடுத்துடறேன்."

சொன்ன நிமிஷமே தன் வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். என்னதான் செய்வாள்? ஊராருக்கென்றால் உண்மையை உடைத்துச் சொல்லிவிடலாம். கூட வாழ்கிறவரைக் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைக்கக் கை வரவேண்டுமே.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்த கிரேன்காரர் கூடத்தின் நடுவில் நின்றார். கை தானாகக் காற்றில் எதையோ தேடியது. "பிடி... என்னைப் பிடி" என்றார். அவள் ஓடி வருவதற்குள் மேசைக் காலைக் கட்டிக்கொண்டு தரையில் சரிந்துவிட்டார்.

வந்தவர்கள் சொல்லித்தான் அவள் அந்த நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. அசையாத தரையில் படுத்துக்கொண்டு, கப்பல் கவிழ்கிறது போல அவர் மேசைக் காலை இறுக்கினார். விரல் முட்டிகள் வெளுத்துப்போயின. மகள் பக்கெட்டை எடுத்து வந்தாள், வாந்தி வந்தது, மறுபடியும் வந்தது. பீப் அக்கா அவருக்கு எதிரே தரையில் முகத்தோடு முகமாகப் படுத்துக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க. என் மூக்கைப் பாருங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

அவர் பார்த்தார். ஆனால் கண்கள் நிற்கவில்லை. ஒரு பக்கமாக மெல்ல வழுக்கிப்போய், வெடுக்கென்று திரும்பி, மறுபடியும் வழுக்கின. எதிரே இருக்கிற அவள் மூக்கைப் பார்க்கக்கூட அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

"மாத்திரை போட்டீங்களா, அடைச்சதைச் சொன்னீங்களா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல..." என்று திட்டுகிறாளா ஆறுதல் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை அடைக்கவே இல்ல" என்றார் அவர். வார்த்தை குழறியது. "எப்பவும் அடைச்சுட்டுத்தான் வரும்னு சொன்னேன்ல... அது பொய்."

"சரி, பேசாதீங்க."

"மேல வந்ததே இல்லன்னது அதைவிடப் பெரிய பொய்." கண்ணை இறுக மூடிக்கொண்டார். "போன மாசம். ஒரு கட்டுக் கம்பி நடு வானத்துல தொங்குது. வந்துடுச்சு. எது மேல, எது கீழன்னு தெரியல. கைப்பிடியில இருந்து கையை எடுத்துட்டேன். காத்து அடிக்குது, யாரும் எதுவும் செய்யாதீங்கன்னு வாக்கி டாக்கியில சொன்னேன். காத்தே இல்லம்மா அன்னிக்கு. ஒரு இலைகூட அசையல. கம்பிக்கு நேர் கீழ நிழல் இருக்குன்னு ஆளுங்க வந்து உக்காந்து சாப்பிட்டாங்க. பேசறது, சிரிக்கறது எல்லாம் வாக்கி டாக்கியில கேக்குது. தள்ளிப் போங்கடான்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு... சொல்லல. அவங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் நான் சொல்லலம்மா."

பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நானா இறங்கிடுவேன்னு நினைக்காதே" என்றார் கிரேன்காரர். "அடுத்த வருஷமும் ஒரு வருஷம்னுதான் கேப்பேன். எனக்கா இறங்க வரல. நீதான் என்னை இறக்கணும்."

அவர் கை மேசைக் காலை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரை இருவரும் தரையிலேயே கிடந்தார்கள்.

திங்கட்கிழமை அவள் முதல் வேலையாக டாக்டரிடம் போய், மூன்று வருஷமாகத் தான் போட்டுக்கொடுத்த கோடு எதுவும் செல்லாது என்று சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "கூட்டிட்டு வந்திருக்கீங்களா? சோதிச்சுட்டு என்கிட்ட அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான். அது அவளுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

கிரேன்காரர் உள் அறையில் நின்றுகொண்டிருந்தார். அவளே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோனை அவளே மாட்டிவிட்டாள், சிவப்பு வலது, நீலம் இடது. மெஷினுக்குப் பின்னால் இரண்டு முனைகளையும் அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய், யாரையும் கேட்காமல், மோட்டாரின் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு வந்தாள். மூன்றாவது மாடிக்காரர்கள் கத்தட்டும்.

இடது காதிலிருந்து ஆரம்பித்தாள். தடித்த சத்தம், மெல்லிசாக. கை முழங்கால் மேலேயே இருந்தது. கொஞ்சம் கூட்டினாள். அசையவில்லை. இன்னும் கூட்டினாள். வழுக்கை விழ ஆரம்பித்த பின்தலையும், காதுக்குப் பின்னால் ஹெட்ஃபோன் அழுத்திய இடமும்தான் அவளுக்குத் தெரிந்தன. முதுகை நிமிர்த்தி, நல்ல பிள்ளையாக, சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் குமிழைத் திருப்பினாள், அழுத்தினாள். திருப்பினாள், அழுத்தினாள். சாதாரணமாகப் பேசும் அளவைத் தாண்டியாகிவிட்டது.

உள்ளேயிருந்து மைக்கில் அவர் குரல் வந்தது.

"ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"